நசுக்காமல் விட்ட ரவைக்கூடுகள்

கைத்துப்பாக்கியில் சுட்டபின் வீங்கிப்போன ரவையின், அதாவது தோட்டாவின், பித்தளைக் கூடுகளைக் குறைந்த செலவில் பழைய அளவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று, எங்கள் குறிபார்த்துச் சுடும் கழகத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர் நிலூகா. இன்று கழகத்தின் பயிற்றுநர். டொலர் ஏறியதிலிருந்து புதிய கூடுகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பது கழகத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, இருப்பவற்றைத்தான் மீண்டும் மீண்டும் நிரப்புகிறோம் என்று தொலைபேசியில் சொன்னார். அவர் பேசியது சிங்களத்தில்; நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாமா, அந்த வளையத்தை முதலில் இங்கே செய்தது நீங்கள்தானே? நீங்கள் எழுதினால்தான் சரி."

ஒரு மாதம் தவணை கேட்டேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு மாதம் தேவையில்லை. ஆனால் அந்த வளையத்தைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால், நிலூகாவின் வலது கையைப் பற்றியும் சலீம் நானாவைப் பற்றியும் எழுதாமல் முடியாது. பதினாறு ஆண்டுகளாக நான் சொல்லாத விடயம் அது. இப்போது சொல்லிவிட்டேன். சொல்லவேண்டியவர்களுக்கு நேரில் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நாவலப்பிட்டியில் பிறந்தேன். அப்பா ரயில்வேயில் வேலை செய்தார். உயர்தரம் வரை அங்கேயே படித்து, கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, நகரத்தில் ஒரு பொறியியல் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லேத்தில் நின்றேன். அந்தப் பட்டறை மூடப்பட்டபோது எனக்கு ஐம்பது வயது. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; அங்கே எனக்கு மூத்தவராக இருந்து முன்பே விலகிச் சென்ற சலீம் நானா, தெல்தெனியப் பக்கத்தில் இருந்த சுடும் கழகத்தின் ஆயுத அறைக்குப் பொறுப்பாக இருந்தார். தனக்கு ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கேட்டார்.

யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகாத நேரம். தமிழன் ஒருவன் ரவை நிரப்பும் அறைக்குள் வேலைக்குப் போவது லேசான காரியமல்ல. பொலிஸ் நற்சான்று கிடைத்த பிறகும் அனுமதி கொடுக்கும் அதிகாரி தயங்கினார். சலீம் நானா அவருடைய மேசையில் இருந்த பேனையை எடுத்து, "இந்த மனிதனுக்கு நான் பொறுப்பு, எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டார். அதிகாரி காட்டிய இடத்தில் வைத்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது, "இனி நீ தும்மினாலும் எனக்குத்தான் தடிமன்."

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். காலையில் வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரிப்பார். முந்தைய நாள் சுட்ட கூடுகளை அதில் கொட்டுவார். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தட்டின்மேல் உருட்டுவார். நேராக உருண்டால் ஒரு பக்கம், தள்ளாடினால் மறு பக்கம். பிறகு ஒரு நுனி வளைந்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிச்சுவரைத் தடவுவார். உள்ளே பள்ளம் இருந்தால் கம்பி ஒரு கணம் தடுக்கும். அவர் தடவும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. தடவுவதை விரல் கேட்க வேண்டுமாம்.

கூடு ஏன் வீங்குகிறது என்று தெரியாதவர்களுக்கு: கைத்துப்பாக்கியின் குழாய் அடியில், ரவை வழுக்கி மேலே ஏறுவதற்காகக் கொஞ்சம் இரும்பு வெட்டப்பட்டிருக்கும். சுடும்போது அந்த இடத்தில் பித்தளைக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை. அழுத்தம் அதை வெளியே தள்ள, கூட்டின் அடிப்பகுதியில் ஒரு பக்கம் சின்னத் தொப்பைபோல் வீங்கும். அடுத்த முறை அது துப்பாக்கிக்குள் சரியாக உட்காராது. வழக்கமான டையில், அதாவது கூட்டை அளவுக்கு அழுத்தும் உருக்கு அச்சில், போட்டு அழுத்தினாலும் வீக்கம் முழுதாகப் போகாது. ஏனென்றால் கூட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் பிடிப்பானே டை அந்த அடிப்பகுதிவரை இறங்குவதைத் தடுத்துவிடும். மிஞ்சுவது ஒரு நூல் அளவுதான். ஆனால் வீக்கம் இருப்பதும் அந்த ஒரு நூலில்தான்.

சில கூடுகளில் வீக்கம் மட்டுமல்ல, அதன் ஓரத்தில் பிறைபோல ஒரு மடிப்பும் விழும். பார்த்தால் வாய் விரித்துச் சிரிப்பதுபோல இருக்கும். அதைச் சலீம் நானா 'சிரிப்பான்' என்பார். வீங்கியது திருந்தும், சிரிப்பான் திருந்தாது என்பது அவருடைய சட்டம். அங்கே பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது. வெளியே எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் உள்ளே மெலிந்தது மெலிந்ததுதான்.

"கூடு சிரிக்கிதெண்டா நீ சிரிக்காத தியாகு. அந்த இடத்திலயே அடிச்சு நசுக்கு. சாமான் பெய்த்தெண்டா இன்னொண்டு எடுக்கலாம். கை பெய்த்தெண்டா எங்க எடுக்கிய?"

நசுக்கும் வேலை என்னுடையது. ஒரு பட்டறைக்கல், ஒரு சுத்தியல். ஒவ்வொரு நாளும் அவர் ஒதுக்கியவற்றை நான் தட்டையாக்கிப் போடவேண்டும்.

வீங்கியவற்றைத் திருத்துவதற்கு அவரிடம் இருந்த வழி மெதுவானது. பிடிப்பானின் மேல்முகத்தை அரத்தால் கொஞ்சம் மெலிதாக்கி வைத்திருந்தார். அதனால் டை இன்னும் சற்று இறங்கும். பாதிக் கூடுகள் அப்படித் தேறும். மீதி தேறாது. கூட்டை உருளைகளுக்கிடையே சுழற்றி எடுக்கும் இயந்திரம் வெளிநாட்டில் உண்டு. அதைக் கழகம் படத்தில் மட்டும் பார்த்தது.

எனக்கு வேறு யோசனை வந்தது. கூட்டை ஏன் பிடிக்கவேண்டும்? பிடிக்காமல், அடியிலிருந்து ஒரு தண்டால் தள்ளி, ஒரு வளையத்துக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை முழுதாகக் கடத்தினால் என்ன? இரும்புக் கடையில் பழைய பேரிங்குகள் கிடக்கும். அதன் உள்வளையம் நல்ல கடினமான உருக்கு. தேவையைவிடத் துளை சற்றுச் சிறிய ஒன்றை எடுத்து, அரைத்து, மெருகேற்றி, கூட்டின் அடிக்குரிய அளவுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் கூடு அடியில் கொஞ்சம் அகலம், வாயில் கொஞ்சம் ஒடுக்கம்; ஆகவே வளையம் அடியை மட்டுமே தொடும். மீதியை வழக்கமான டை பார்த்துக்கொள்ளும். சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்து செய்தேன். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

சலீம் நானா முதல் கூட்டைக் கடத்திப் பார்த்தார். சரியான அளவுள்ள கூடு மட்டும் நுழையும் அளவுக்குழாயில் போட்டார். தானாக விழுந்தது, கவிழ்த்ததும் தானாக வெளியே வந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வாயில ஒரு சின்ன வெட்டு ஈக்கி, பாத்தியா? கூட்டுல கோடு விழும்" என்றார். அரைக்கும்போது ஓரத்தில் ஒரு பொடி பெயர்ந்திருந்தது. கோடு விழுந்தால் என்ன, அளவு சரிதானே என்று நான் விட்டுவிட்டேன்.

இப்போது என் தவறு.

வளையம் எனக்குப் பெருமையைக் கொடுத்தது. பெருமை வந்ததும் சலீம் நானாவின் சட்டம் கிழவர் ஒருவரின் பயம்போலத் தெரிந்தது. அவர் நசுக்கச் சொன்ன சிரிப்பான்களை நான் நசுக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். யாருமில்லாத நேரத்தில் அவற்றை வளையத்தால் கடத்தினேன். மெருகூட்டும் உருளைப் பெட்டியில் ஓடவிட்டேன். பிறைக்கோடு மறைந்தது. அளவுக்குழாயில் எல்லாமே விழுந்தன. ஒருநாள் நானாவின் முன்னால் அந்த டின்னை வைத்து, "இதெல்லாம் நீங்க தூக்கிப்போட்டது" என்று சொல்வதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

அப்போது நிலூகாவுக்கு இருபத்துமூன்று வயது. தேசிய அணித் தெரிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆயுத அறை ஜன்னலில் வந்து நின்றார்.

"மாமா, இன்னும் ஐம்பது ரவை இருந்தால் நாளைக்கும் பயிற்சி செய்யலாம். இல்லையா?"

இருக்கவில்லை. டின் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் சலீம் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போய்விடுவார். பள்ளிவாசல் தூரம், திரும்ப இரண்டு மணியாகும். அந்த இடைவெளியில் யாரும் காத்திருக்கக்கூடாது என்று, ரவைப் பெட்டிகளில் ஒட்டும் தொகுதிச் சீட்டுகள் நான்கைந்தில் முன்கூட்டியே கையெழுத்து வைத்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். என்னை நம்பித்தான். நான் டின்னிலிருந்த கூடுகளில் ஐம்பதை நிரப்பினேன். வெடிமருந்தின் அளவில் பிழையில்லை, மும்முறை பார்த்தேன். சீட்டில் தொகுதி எண்ணை எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். கீழே அவருடைய கையெழுத்து.

சனிக்கிழமை காலை, பதினேழாவதோ பதினெட்டாவதோ ரவை. சத்தம் வேறு மாதிரி இருந்தது. சுடும் சத்தம் நீளும். இது பட்டென்று அறுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ரவை அடுக்கும் மகசின் தரையில் கிடந்தது, கைப்பிடியின் பலகை பிளந்திருந்தது, நிலூகா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அதை வேறு யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டின் அடி கிழிந்து, புகையும் பித்தளைத் துண்டுகளும் கைக்குள் வெடித்திருந்தன. விரல்கள் போகவில்லை. ஆனால் இரண்டு விரல்களின் உணர்ச்சி போயிற்று. தெரிவும் போயிற்று. அடுத்த தெரிவு வந்தபோது அவருடைய கை பழைய கை அல்ல.

அன்று பின்னேரம் டின்னில் மீதியிருந்த எல்லாவற்றையும் நசுக்கினேன். சலீம் நானா கொடுத்த வேலையை நான் முழுதாகச் செய்த நாள் அது.

விசாரணைக்கு மூவர் இருந்தார்கள். கழகத் தலைவர், ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர், ஒரு பொறியியலாளர். இன்ஸ்பெக்டர் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதில் கையெழுத்து வைத்தது யார்?"

"நான், சேர்" என்றார் சலீம் நானா.

"கூடுகளைப் பரிசோதித்தது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அதுவும் நான்தான், சேர். கண் முந்தி மாதிரி இல்ல."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

"தெரியாது, சேர்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சலீம் நானாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆயுத அறைப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஓய்வுபெறும்வரை அவருடைய கதிரையில் இருந்தேன். ஒவ்வொரு கூட்டையும் கண்ணாடித் தட்டில் உருட்டினேன், கம்பியால் தடவினேன், சிரிப்பான்களை அந்த இடத்திலேயே நசுக்கினேன். என் காலத்தில் வேறொரு கூடு வெடிக்கவில்லை. அதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

நானா தன் ஊரான கெலிஓயாவில் தையல் இயந்திரம் திருத்தும் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகவில்லை. என் தங்கை நாவலப்பிட்டியில் இருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கக் கண்டியிலிருந்து பஸ்ஸில் போவேன். வழியில் கெலிஓயா. பஸ் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே அந்தக் கடை. ஊர் நெருங்கியதும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வேன். பதினாறு வருடம் அப்படித்தான் போனேன்.

நிலூகா கட்டுரை கேட்ட மறுநாள், அலுமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்த வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கெலிஓயாவில் இறங்கினேன்.

சலீம் நானாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. ஓர் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாரு, தியாகுவா? எனத்த, இண்டைக்குத் தூக்கம் வரல்லியா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஞாயித்துக்கிழம பத்து மணி பஸ். ஜன்னல் சீட்டு. பஸ் நிக்கியவரைக்கும் நல்ல தூக்கம். பஸ்ஸ எடுத்ததோட கழுத்து நிமிரும். அப்பிடி ஒரு தூக்கம் நான் எங்கயும் கண்டதில்ல. இரி. பிளேன்டீ குடிப்பியா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "நானா, அந்த ரவை நான் நிரப்புனது. நீங்க நசுக்கச் சொன்ன சிரிப்பான். நசுக்காம வச்சிருந்தேன். வளையத்துல கடத்தி, மினுக்கி, நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போன சீட்டுல எழுதினேன். விசாரணையில தெரியாதுன்னு சொன்னேன்."

அவர் எழுந்து, பொத்தான்கள் போட்டு வைக்கும் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பொத்தான்களுக்கு அடியிலிருந்து கிழிந்த பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தார். அன்று தரையிலிருந்து பொறுக்கியது. நகத்தால் அதன்மேல் மேலிருந்து கீழாக இழுத்தார். மயிர் அளவில் ஒரு கோடு.

"வளையம் ஈக்கா?"

கொடுத்தேன். வளையத்தின் வாயிலிருந்த வெட்டையும் துண்டிலிருந்த கோட்டையும் ஒன்றுக்கு நேராக ஒன்று பிடித்தார். பொருந்தின.

"அண்டைக்கே தெரியும்" என்றார். "கோடு ஈக்கிதெண்டா வளையத்தால வந்தது. கிழிஞ்ச இடம் பிறை மாதிரி ஈக்கிதெண்டா சிரிப்பான். நான் சிரிப்பான வளையத்துல போடமாட்டேன். பொறகு யாரு?"

"அப்ப ஏன் நானா நீங்கதான் பாத்தீங்கன்னு சொன்னீங்க?"

"வெத்துச் சீட்டுல கையெழுத்து வெச்சது நான். அது எண்ட குத்தம், அதுல உனக்குப் பங்கில்ல. மத்தது..." எண்ணெய்க் குப்பியை மூடினார். "தமிழன் ஒருத்தன் வெடிக்கிய ரவ செஞ்சு குடுத்தான் எண்டு அந்த இன்ஸ்பெக்டர் எழுதினாரெண்டா, அதுக்குப் பொறகு பேரிங்கு, வளையம் எண்டு யாருக்கிட்ட சொல்லிய? என்னய எண்டா வீட்டுக்கு அனுப்புவாங்க. உன்னய எங்க அனுப்புவாங்க? நான்தானே உனக்குப் பொறுப்பு எண்டு கையெழுத்து வெச்சது."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"கோபம் இல்லையா?"

"ஈந்திச்சு. நீ சொல்லாததுக்கில்ல. நீ வராததுக்கு." வளையத்தைத் திருப்பிக் கொடுத்து, "அந்தப் புள்ளக்குச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு முன்னால சொல்லு. வீட்டுக்குப் போனா உனக்குத் தூக்கம் வந்திடும்."

அங்கிருந்தே நிலூகாவைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் சொன்னேன். கடைக்கு முன்னால் ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி, போய்விட்டது.

"நான் அவரைப் பல தடவை வழியில் கண்டிருக்கிறேன்" என்றார் கடைசியில். "முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அதை என்ன செய்வது, மாமா?"

அவர் தொடர்பைத் துண்டித்தார்.

இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, கடைக்கு வழி கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைக் கட்டோடு வந்தார். சிங்கள முறைப்படி அதை இரு கைகளாலும் நீட்டிவிட்டுக் குனிந்து வணங்கப் போனபோது நானா பதறி எழுந்து முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "ஐயோ புள்ள, மனுசனுக்குக் குனியப்படாது, எழும்பு எழும்பு" என்று முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொன்னார். வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டார். இருவரும் அழவில்லை. தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். தேநீர் முடியும்வரை நிலூகா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்த பிறகு வலது கையை என் முன்னால் விரித்தார்.

"குளிர்ந்த காலைகளில் இந்த இரண்டு விரலும் இன்னும் மரத்துப்போகும். அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் வளையத்தை மட்டும் படித்துவிட்டுப் போகக்கூடாது."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு படுத்ததும் விடியும்வரை ஒரே தூக்கம். எப்போது கடைசியாக அப்படித் தூங்கினேன் என்று நினைவில்லை.

ஆகவே, கேட்ட விடயத்துக்கு வருகிறேன். பேரிங் வளையம் மலிவான வழி, நல்ல வழியும்தான். அதன் வாயில் வெட்டு இருக்கக்கூடாது. கூட்டுக்கு எண்ணெய் தடவிக் கடத்தி, பிறகு துடைக்கவேண்டும். அளவுக்குழாயில் தானாக விழுந்து தானாக வெளியே வரவேண்டும். ஆனால் இவையெல்லாம் இரண்டாவது வேலை. கட்டுரையின் முதல் வரைவை நானாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் செய்த திருத்தம் இது: கண்ணாடித் தட்டும் வளைந்த கம்பியும் முதலில். சிரிப்பதை முதலில் நசுக்குங்கள். பிறகு மற்றதைத் திருத்துங்கள். அளவுக்குழாய்க்கு அளவு மட்டும்தான் தெரியும். பித்தளை எங்கே மெலிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கையெழுத்து கடைசியில், கூடுகளைத் தொட்டவரே வைக்கவேண்டும்.

ஆயுத அறைச் சுவரில் பொறுப்பாளர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. சலீம் நானாவின் பெயருக்கு நேரே இருந்த 'நீக்கப்பட்டார்' என்ற சொல்லை எடுக்கும்படி தலைவருக்கு என் வாக்குமூலத்தோடு எழுதினேன். எடுத்துவிட்டார்கள். என் பெயருக்கு நேரே எதையும் எழுதுவதானால் எழுதட்டும் என்றும் சேர்த்தே எழுதியிருந்தேன். இன்னும் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். பத்து மணி பஸ், ஜன்னல் சீட்டு. கெலிஓயாவில் பஸ் நின்றது. நானா கடைவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கை அசைக்கவில்லை. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக் காட்டினார்.

"முழிச்சுத்தான் இருக்கேன் நானா!" என்று கத்தினேன்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.